எச்சரித்த எழுதுகோல்: ஜார்ஜ் ஆர்வெல்

நுழையும்முன்

நாளைய உலகம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது மனித இயல்பு. பசியும் பிணியும் பகையும் இல்லாத நல்லுலகைக் கனவு கண்டு எழுதியோர் பலர். அதற்கு நேர்மாறாக, அச்சமும் பொய்யும் ஆட்சி செய்யும் ஓர் உலகைக் கற்பனை செய்து எழுதியோரும் உளர். அத்தகைய கதைகளை ஆங்கிலத்தில் டிஸ்டோபியா கதைகள் என்பர். இப்பாடத்தில் அவை இருளுலகக் கதைகள் எனப்படுகின்றன. இன்று பதின்ம வயதினர் விரும்பிப் படிக்கும் கதைவகைகளுள் இதுவும் ஒன்று. அவ்வகையில் புகழ்பெற்ற நூலொன்றைப் படைத்தவர், பீகாரில் பிறந்த ஓர் ஆங்கிலேயர். அவருடைய வாழ்க்கையையும், அவர் எழுதியது போன்ற கதைகள் இளையோரைக் கவர்வதன் காரணத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மோதிஹாரியில் பிறந்தவர்

பீகாரின் வடபகுதியில், நேபாள எல்லைக்கு அருகில் அமைந்துள்ள ஊர் மோதிஹாரி. அவுரி பயிரிட்ட உழவர்களின் துயர் துடைக்கக் காந்தியடிகள் 1917ஆம் ஆண்டு சம்பாரணில் நடத்திய சத்தியாகிரகத்தால் இவ்வூர் வரலாற்றில் இடம்பெற்றது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1903ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், இவ்வூரில் வாழ்ந்த ஓர் ஆங்கிலக் குடும்பத்தில் ஆண் குழந்தை ஒன்று பிறந்தது. அதற்கு எரிக் ஆர்தர் பிளேர் என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் ஜார்ஜ் ஆர்வெல் என்னும் புனைபெயரால் உலகம் அறிந்தவர் அவரே.

தந்தை ரிச்சர்ட் பிளேர் ஆங்கில அரசின் அபினித் துறையில் அலுவலராகப் பணியாற்றினார். உழவர்கள் விளைவித்த அபினியை அரசே வாங்கிச் சீனாவுக்கு அனுப்பி வருவாய் ஈட்டிய காலம் அது. தாய் ஐடா பிரெஞ்சு மரபினர்; பர்மாவில் வளர்ந்தவர். குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு வயதானபோது, 1904ஆம் ஆண்டு, தாய் தம் மக்களை அழைத்துக்கொண்டு இங்கிலாந்தில் குடியேறினார். தந்தையோ பணியின் பொருட்டு இந்தியாவிலேயே தங்கினார். அதனால் எட்டு வயது வரை எரிக் தன் தந்தையை மிக அரிதாகவே கண்டான். பிழைப்புக்காகக் குடும்பம் ஓரிடத்திலும் தந்தை வேறோர் இடத்திலும் வாழ நேர்வதால் விளையும் தனிமையை அவன் இளமையிலேயே அறிந்தான்.

தனிமையைப் போக்கியவை கதைகளே. நான்கைந்து வயதில் புலியைப் பற்றி அவன் ஒரு பாட்டைச் சொல்ல, தாய் அதை எழுதிக்கொண்டார். எட்டாம் பிறந்தநாளுக்குப் பரிசாக வைத்திருந்த நூலை, முதல் நாளே கண்டெடுத்து மறைவாகப் படித்துவிட்டான். ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய கல்லிவரின் பயணங்கள் என்பதே அந்நூல். சிற்றுருவ மனிதர்களின் நாடும் பேருருவ மனிதர்களின் நாடும் அக்கதையில் வருகின்றன. வேறோர் உலகைப் படைத்துக் காட்டுவதன் மூலம் நம் உலகின் குறைகளைச் சொல்ல முடியும் என்பதற்கு அது சிறந்த எடுத்துக்காட்டு. அந்நூலை அவர் வாழ்நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் படித்தார்.

விடுதிப் பள்ளி

அதே ஆண்டில் எரிக், ஈஸ்ட்போர்ன் என்னும் கடற்கரை நகரில் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். குடும்பத்தின் வருவாய் போதாமையால் அவனுக்குக் கட்டணம் குறைக்கப்பட்டிருந்தது. நன்றாகப் படித்துப் பெரிய பள்ளியின் உதவித்தொகையை வென்று, தங்கள் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தருவான் என்று எதிர்பார்த்தே அச்சலுகை அளிக்கப்பட்டது. அதை அவனுக்கு நினைவூட்டிக் கொண்டே இருந்தனர்.

பள்ளிக்குச் சென்ற சிறிது காலத்திலேயே, உறக்கத்தில் படுக்கையை நனைத்ததற்காக அவன் அடிக்கப்பட்டான். அது வேண்டுமென்றே செய்த குற்றமன்று. அவனால் தடுக்கக் கூடியதுமன்று. ஆயினும் தண்டனை கிடைத்தது. தன் முயற்சிக்கு அப்பாற்பட்ட ஒன்றுக்காகவும் ஒருவன் குற்றவாளி ஆக்கப்படலாம் என்பதை அச்சிறுவன் அன்று உணர்ந்தான். விதிகளை வகுத்தவர்கள் பெரியவர்கள்; அவற்றைக் கேள்வி கேட்கும் உரிமை சிறுவர்களுக்கு இல்லை. தன் எண்ணங்களைக் கூட அவர்கள் கண்டறிந்துவிடுவார்களோ என்ற அச்சம் அவனைச் சூழ்ந்தது. அங்குப் பயின்ற வேறு சிலர் அப்பள்ளியை அன்புடன் நினைவுகூர்ந்ததும் உண்டு. எரிக்குக்கோ அந்த அச்சம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அந்நாள்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை, அவர் மறைந்த பின்னரே அச்சில் வந்தது.

உதவித்தொகை பெற்று, 1917ஆம் ஆண்டு புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியில் எரிக் சேர்ந்தார். அங்கு அவருக்குச் சிறிது காலம் பிரெஞ்சு கற்பித்தவர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. பின்னாளில், 1932ஆம் ஆண்டு, பிரேவ் நியூ வேர்ல்டு என்னும் இருளுலகக் கதையை எழுதியவர் இவரே. அக்கதையில் மக்களை அடக்கி வைப்பது அடியும் உதையும் அல்ல. ஓயாத இன்பமும் கவலையை மறக்கச் செய்யும் மருந்துமே. இவ்வாறு, இருளுலகக் கதைகளின் இரு பெரும் படைப்பாளர்கள் ஒரே வகுப்பறையில் ஆசிரியராகவும் மாணவராகவும் இருந்தனர்.

பர்மாவில் காவல் அதிகாரி

பல்கலைக்கழகத்தில் சேராமல், 1922ஆம் ஆண்டு எரிக் காவல்துறை அதிகாரியாகப் பர்மாவுக்குச் சென்றார். அக்காலத்தில் பர்மா ஆங்கில இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. பத்தொன்பது வயது இளைஞரின் கையில் பெரும் அதிகாரம் வந்து சேர்ந்தது. சிறைகளையும் தண்டனைகளையும் அவர் நேரில் கண்டார்.

யானையைச் சுட்ட நிகழ்ச்சி பற்றிப் பின்னாளில் அவர் எழுதிய கட்டுரை மிகவும் புகழ்பெற்றது. மதங்கொண்ட யானை ஒன்று கடைத்தெருவைச் சிதைக்கிறது. தென்னிந்தியக் கூலித் தொழிலாளி ஒருவரைக் கொன்றுவிடுகிறது. அதிகாரி வந்து சேரும்போது யானை அமைதியடைந்து புல் மேய்ந்து கொண்டிருக்கிறது. அதைச் சுட வேண்டிய தேவை இல்லை என்று அவருக்குத் தெரிகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான மக்கள் அவருக்குப் பின்னால் திரண்டு நிற்கின்றனர். அவர்கள் முன் ஏளனத்துக்கு ஆளாகக் கூடாது என்பதற்காகவே அவர் சுடுகிறார். பிறரை அடக்கி ஆள்பவன் தன் உரிமையையும் இழக்கிறான் என்பது அக்கட்டுரை உணர்த்தும் உண்மை.

ஐந்து ஆண்டுகள் பணியாற்றிய பின், 1927ஆம் ஆண்டு விடுப்பில் இங்கிலாந்து சென்றவர் பதவியைத் துறந்தார். அடக்குமுறைக்குத் துணைபோன குற்ற உணர்வு அவரை வருத்தியது. இனி எழுத்தையே தொழிலாகக் கொள்வது என்று உறுதி பூண்டார்.

புதிய பெயரும் புதிய பாதையும்

அடக்கப்பட்டோரின் வாழ்வை எழுத வேண்டுமாயின் அவர்களோடு வாழ வேண்டும் என்று அவர் எண்ணினார். இலண்டனில் வீடற்றோர் தங்கும் விடுதிகளில் கந்தல் உடையுடன் தங்கினார். பாரிசு நகர உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவினார். அந்தப் பட்டறிவை 1933ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அந்நூல் குடும்பத்தாருக்குச் சங்கடம் விளைவிக்கக் கூடாது என்று கருதியே ஜார்ஜ் ஆர்வெல் என்னும் புனைபெயரைச் சூடிக்கொண்டார். ஆர்வெல் என்பது இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். 1936ஆம் ஆண்டு வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறங்கித் தொழிலாளர் நிலையைக் கண்டு எழுதினார். அதே ஆண்டில் ஐலீன் என்னும் பெண்மணியை மணந்தார்.

பொய்யின் வலிமையைக் கண்ட போர்க்களம்

1936ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசை எதிர்த்துப் படைத்தலைவர்கள் கிளர்ந்தெழுந்தனர். குடியரசைக் காக்கப் பல நாட்டினரும் அங்குச் சென்றனர். ஆர்வெலும் அவ்வாண்டு டிசம்பர் மாதம் அங்குச் சென்று, போராளிக் குழு ஒன்றில் சேர்ந்தார். 1937ஆம் ஆண்டு மே மாதம் எதிரியின் துப்பாக்கிக் குண்டு அவரது கழுத்தைத் துளைத்துச் சென்றது. அவர் உயிர் பிழைத்தது வியப்பே. அதன் பின் அவர் குரல் வலுவிழந்தது.

ஆனால் அவரை மேலும் காயப்படுத்தியது வேறொன்று. குடியரசின் பக்கம் நின்ற குழுக்களுக்கிடையே பூசல் எழுந்தது. ஆர்வெல் சேர்ந்திருந்த குழு துரோகிகளின் கூட்டம் என்று முத்திரை குத்தப்பட்டுத் தடை செய்யப்பட்டது. உடன் போரிட்ட நண்பர்கள் சிறைப்பட்டனர். ஆர்வெலும் மனைவியும் தப்பிப் பிரான்சு நாட்டை அடைந்தனர். நடவாத போர்கள் நடந்ததாகவும், வீரத்துடன் போரிட்டவர்கள் கோழைகள் எனவும் செய்தித்தாள்கள் எழுதியதை அவர் படித்தார். நேரில் கண்டவரின் சாட்சியத்தை விட, திரும்பத் திரும்ப அச்சிடப்பட்ட பொய் வலிமையானதாக இருந்தது. உண்மை வரலாறு என்பதே உலகிலிருந்து மறைந்துவிடுமோ என்று அவர் அஞ்சினார். பின்னாளில் அவர் எழுதிய கதைகளுக்கு இந்த அச்சமே வித்தாயிற்று.

வானொலியில் இந்தியர்களுடன்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941 முதல் 1943 வரை, பிபிசி வானொலியின் இந்தியப் பிரிவில் ஆர்வெல் பணியாற்றினார். இந்திய மாணவர்களுக்காக இலக்கியம், அறிவியல் குறித்த உரைகளை ஒலிபரப்பினார். ஆங்கிலத்தில் எழுதிய இந்திய எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்தும், இலங்கைத் தமிழரான கவிஞர் தம்பிமுத்துவும் அவருடைய நிகழ்ச்சிகளில் பங்கேற்றோருள் அடங்குவர்.

போர்க்காலம் ஆதலால், ஒலிபரப்பப்படும் ஒவ்வொரு சொல்லும் முன்னரே தணிக்கை செய்யப்பட்டது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்யும் அலுவலகம் எவ்வாறு இயங்கும் என்பதை அவர் உள்ளிருந்தே அறிந்தார். ஐலீனும் சில காலம் தணிக்கைத் துறையில் பணியாற்றினார்.

விலங்குப் பண்ணை

ஒருமுறை சிற்றூர்ப் பாதையில், ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பெரிய வண்டிக் குதிரையைச் சாட்டையால் அடித்து ஓட்டிச் செல்வதை ஆர்வெல் கண்டார். அக்குதிரை தன் வலிமையை உணர்ந்துவிட்டால் சிறுவனால் என்ன செய்ய இயலும் என்று எண்ணினார். அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே விலங்குப் பண்ணை என்னும் கதை. தமிழில் இதனைக் க.நா.சுப்ரமண்யம் மொழிபெயர்த்துள்ளார்.

பண்ணை விலங்குகள் கொடிய முதலாளியைத் துரத்திவிட்டு, எல்லாரும் சமம் என்னும் ஆட்சியை அமைக்கின்றன. ஏழு விதிகளைச் சுவரில் எழுதுகின்றன. நாளடைவில் பன்றிகள் தலைமையைக் கைப்பற்றுகின்றன. பிற விலங்குகள் அறியாதவாறு சுவரில் உள்ள விதிகள் ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. மாற்றத்தைக் கண்ட விலங்குகள், தங்கள் நினைவுதான் தவறு போலும் என்று தங்களையே ஐயுறுகின்றன. உழைத்து ஓய்ந்த குதிரைக்கு இறுதியில் நன்றி கிட்டவில்லை. 1917ஆம் ஆண்டு ரஷ்யாவில் நிகழ்ந்த புரட்சி, ஸ்டாலின் ஆட்சியில் அடக்குமுறையாக மாறியதையே இக்கதை உருவகமாகக் காட்டுகிறது.

அப்போது சோவியத் நாடு இங்கிலாந்தின் நட்பு நாடாக இருந்தது. ஆகவே பதிப்பகங்கள் பல இந்நூலை வெளியிட மறுத்தன. 1944ஆம் ஆண்டு ஜெர்மனியின் பறக்கும் குண்டு ஆர்வெலின் இலண்டன் குடியிருப்பைச் சிதைத்தது. இடிபாடுகளுக்கிடையே கிடந்த கையெழுத்துப் படியை அவர் தேடி எடுத்தார். நூல் 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்து, அவருக்கு உலகப் புகழைத் தந்தது. அப்புகழைக் காண ஐலீன் உயிரோடு இல்லை. அவ்வாண்டு மார்ச் மாதம் அறுவை மருத்துவத்தின்போது அவர் இறந்துவிட்டார். முந்தைய ஆண்டில் இருவரும் தத்தெடுத்திருந்த ரிச்சர்ட் என்னும் குழந்தையை வளர்க்கும் பொறுப்பு ஆர்வெலைச் சேர்ந்தது.

தீவில் எழுதிய கதை

ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஜூரா என்னும் தீவு உள்ளது. அதன் வடகோடியில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத ஒரு பண்ணை வீட்டில் 1946ஆம் ஆண்டு ஆர்வெல் குடியேறினார். அங்குக் காய்கறி பயிரிட்டார், மீன் பிடித்தார், எஞ்சிய நேரத்தில் எழுதினார். 1947ஆம் ஆண்டு மகனோடும் உறவினர் பிள்ளைகளோடும் சென்ற படகு கடற்சுழலில் சிக்கிக் கவிழ்ந்தது. பாறை ஒன்றில் ஏறித் தப்பிய அவர்களை மீனவர்கள் மீட்டனர்.

நெடுநாளாக அவரை வாட்டிய காசநோய் முற்றியது. அமெரிக்காவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் புதிய மருந்து வரவழைக்கப்பட்டது. உடல் அதனை ஏற்கவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின், 1948ஆம் ஆண்டின் இறுதியில், அடித்தலும் திருத்தலும் மிகுந்த கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்ய ஆள் கிடைக்கவில்லை. இருமலுக்கும் காய்ச்சலுக்கும் இடையே படுக்கையில் இருந்தவாறே முழு நூலையும் தாமே தட்டச்சு செய்து முடித்தார். 1984 என்னும் அந்நூல் 1949ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் வெளிவந்தது.

அக்கதை காட்டும் நாட்டில் கட்சியினரின் வீடுகளில் தொலைத்திரை உண்டு. அது பேசும், அதே வேளையில் வீட்டில் உள்ளோரைக் கண்காணிக்கவும் செய்யும். பெரியண்ணன் என்னும் தலைவரின் முகம் சுவரெங்கும் ஒட்டப்பட்டிருக்கும். அண்ணன் என்னும் அன்புச் சொல்லே அங்கு அச்சமூட்டும் சொல்லாகிவிடுகிறது. பிள்ளைகள் தம் பெற்றோரையே உளவு பார்த்துக் காட்டிக் கொடுக்கின்றனர். வின்ஸ்டன் ஸ்மித் என்னும் எளிய அலுவலர் பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதும் வேலை செய்கிறார். அரசு இன்று சொல்வதற்கு ஏற்ப நேற்றைய செய்தியை மாற்றுவதே அவர் பணி. அதைச் செய்யும் துறைக்குச் சூட்டப்பட்ட பெயரோ உண்மை அமைச்சகம்.

அந்நாட்டில் மொழியும் குறுக்கப்படுகிறது. ஆண்டுதோறும் அகராதியிலிருந்து சொற்கள் நீக்கப்படுகின்றன. விடுதலை என்பதைக் குறிக்கும் சொல் இல்லையெனில், விடுதலையை விரும்பும் எண்ணமும் தோன்றாது என்பது ஆட்சியாளரின் திட்டம். இந்நிலையில் வின்ஸ்டன் செய்யும் முதல் எதிர்ப்பு, ஒரு பழைய குறிப்பேட்டை வாங்கி மறைவாக நாட்குறிப்பு எழுதத் தொடங்குவதே. இறுதியில் அவர் பிடிபட்டு, துன்புறுத்தப்பட்டு, மனம் உடைக்கப்படுகிறார். கதை வெற்றியில் முடிவதில்லை.

இளையோரை ஈர்ப்பது ஏன்?

இத்தகைய துயரக் கதையைப் பதின்ம வயதினர் ஏன் விரும்ப வேண்டும்? ஆர்வெல் இதனைச் சிறுவர்களுக்காக எழுதவில்லை. ஆயினும் பல நாடுகளில் பள்ளி மாணவர்கள் இதனைப் படிக்கின்றனர். இன்றைய எழுத்தாளர்கள் இளையோருக்கென்றே இவ்வகைக் கதைகளைப் படைக்கின்றனர். 1993ஆம் ஆண்டு லோயிஸ் லோரி எழுதிய தி கிவர் கதையின் தலைவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். 2008ஆம் ஆண்டு சூசன் காலின்ஸ் எழுதிய தி ஹங்கர் கேம்ஸ் கதையின் தலைவி பதினாறு வயதுப் பெண்.

குழந்தைப் பருவத்தில் பெரியவர்கள் வகுத்த விதிகள் வெயிலும் மழையும் போல இயற்கையானவை என்று தோன்றும். பதின்ம வயதில்தான், அவை மனிதர்கள் வகுத்தவை என்பது புலப்படுகிறது. இவ்விதி நேர்மையானதா, இதை வகுத்தவர் யார், இதனால் பயன் பெறுபவர் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன. வீட்டிலும் பள்ளியிலும் எப்போதும் பிறர் பார்வையில் இருப்பதும் அவ்வயதின் இயல்பே. தனக்கென ஒரு மூலை, ஒரு குறிப்பேடு, ஒரு நண்பர் வேண்டும் என்ற ஏக்கமும் அப்போதே மிகுகிறது. இருளுலகக் கதைகள் அவ்வினாக்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவதில்லை. மாறாக, அவற்றையே கதையின் நடுப்பொருளாக ஆக்குகின்றன.

பள்ளியும் வீடும் கொடுங்கோன்மை அல்ல. இளையோரைக் காக்கும் விதிகளும் உண்டு. காக்கும் விதி எது, அடக்கும் விதி எது என்று பிரித்தறியும் ஆற்றல் வேண்டும். கேள்வி கேட்டால் விடை கூறும் விதி முன்னையது. கேள்வி கேட்பதையே குற்றம் என்னும் விதி பின்னையது. விலங்குப் பண்ணையைப் படிக்கும் மாணவர் இவ்வேறுபாட்டைத் தாமே கண்டுகொள்வர்.

இருளுலகக் கதை எதிர்காலத்தைக் கணித்துக் கூறும் சோதிடம் அன்று. அஃது ஓர் எச்சரிக்கை. பாலம் உடைந்துள்ளது என்று வழியில் பலகை நடுபவர், பயணிகள் ஆற்றில் விழ வேண்டும் என்று விரும்புவதில்லை. ஆர்வெல் தம் கதையில் காட்டிய கொடுமைகளும் வெறுங்கற்பனை அல்ல. காரணமின்றித் தண்டிக்கப்படும் அச்சத்தைப் பள்ளியிலும், அதிகாரத்தின் இழிவைப் பர்மாவிலும், அச்சிட்ட பொய்யின் ஆற்றலை ஸ்பெயினிலும், தணிக்கையின் இயக்கத்தை வானொலி நிலையத்திலும் அவர் கண்டிருந்தார். கண்டவற்றை ஒன்றுசேர்த்து, இவை தடையின்றி வளர்ந்தால் உலகம் என்னவாகும் என்று காட்டினார். வின்ஸ்டன் தோற்றுவிடுகிறார், ஆனால் நூலை மூடும் வாசகர் தோற்கவில்லை. அவர் வாழும் உலகில் குறிப்பேடு தடை செய்யப்படவில்லை. சொற்கள் இன்னும் அகராதியில் உள்ளன.

மறைவு

1950ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், இலண்டன் மருத்துவமனை ஒன்றில் ஆர்வெல் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. சட்டன் கோர்ட்னி என்னும் சிற்றூரில் உள்ள அவரது கல்லறையில் எரிக் ஆர்தர் பிளேர் என்ற இயற்பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன. புகழ்பெற்ற புனைபெயர் அதில் இல்லை. மோதிஹாரியில் அவர் பிறந்த வீடு இன்று நினைவிடமாகப் போற்றப்படுகிறது.

நேற்று நடந்ததை மறவாமல் நினைவில் வைப்பதும், உண்மையைத் தெளிவான சொற்களில் எழுதி வைப்பதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். கொடுங்கோன்மை முதலில் அழிக்க முயல்வது அவற்றையே என்பதை ஆர்வெலின் கதைகள் உணர்த்துகின்றன. அவற்றைக் காப்பதற்குப் படையும் பதவியும் வேண்டியதில்லை; ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும்.

சொல்லும் பொருளும்

அவுரி – நீலச் சாயம் தரும் செடி
புனைபெயர் – எழுத்தாளர் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர்
பட்டறிவு – வாழ்ந்து பெற்ற அறிவு, அனுபவம்
மாகாணம் – ஆங்கில ஆட்சியில் நாட்டின் பெரும்பிரிவு
பூசல் – சண்டை
தணிக்கை – வெளியிடும் முன் ஆராய்ந்து சிலவற்றை நீக்குதல்
உருவகம் – ஒன்றை வேறொன்றாகக் காட்டிக் கூறுதல்
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
கொடுங்கோன்மை – நீதி தவறிய ஆட்சி

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. எரிக் ஆர்தர் பிளேர் பிறந்த ஊர் ________.
2. ஆர்வெல் என்பது இங்கிலாந்தில் ஓடும் ஓர் ________ பெயர்.
3. 1984 என்னும் நூல் வெளிவந்த ஆண்டு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. எட்டாம் பிறந்தநாளுக்கு எரிக்குக் கிடைத்த நூல் எது?
2. ஆர்வெல் காவல்துறைப் பணியைத் துறந்தது ஏன்?
3. வின்ஸ்டன் செய்த முதல் எதிர்ப்பு யாது?

இ. ஒரு பத்தியளவில் விடை எழுதுக.

1. ஸ்பெயின் போர்க்களத்தில் ஆர்வெல் அறிந்துகொண்ட உண்மை யாது?
2. அகராதியிலிருந்து சொற்களை நீக்குவதால் ஆட்சியாளர் அடைய விரும்பிய பயன் என்ன? அது நிறைவேறும் எனக் கருதுகிறீரா? காரணம் தருக.
3. காக்கும் விதிக்கும் அடக்கும் விதிக்கும் ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.

ஈ. மொழிச் செயல்பாடு

தாத்தா, பாட்டி, பெற்றோர் ஆகியோர் பேசும்போது வழங்கும் தமிழ்ச் சொற்களுள், உம் பேச்சில் இடம்பெறாத பத்துச் சொற்களைக் கேட்டறிந்து குறிப்பேட்டில் எழுதுக. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி, ஒரு தொடரில் அமைத்துக் காட்டுக.